மாமாவின் இடது கையும் ஒரு புரதமும்

நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டுவார். படை, தேமல், வேர்க்குரு எதுவானாலும் என்னிடம்தான் வரும். பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு. எங்கள் தெருவுக்கு அது டாக்டர் என்றாகிவிட்டது. நான் நோயாளி ஒருவரைத் தொட்டதுகூட இல்லை, பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பிளாஸ்டிக் தட்டில் செல் வளர்க்கிறேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "அதாம்மா, டாக்டருதான்" என்பார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் அக்கா வீட்டுக்காரர் விடவில்லை.

அவர் எனக்கு மாமா. வடக்கனந்தல் பக்கம் குத்தகைக்கு நிலம் பிடித்துக் கரும்பு வைக்கிறவர். அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றே "சின்னது வாயாடியா இருக்குதே, இதையும் சேத்து அனுப்பிடுங்க" என்று என் அப்பாவிடம் சொல்லி அடி வாங்கப் பார்த்தவர். இன்று வரை என்னைக் கொழுந்தியா என்றுதான் கூப்பிடுவார். நானும் அவரை விட்டுவைத்ததில்லை. எங்கள் வீட்டில் யாரோடாவது நான் மனம் விட்டுச் சண்டை போட முடியும் என்றால் அது அவரோடுதான்.

இடுப்பு வலிக்கு என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வருடக்கணக்காக மாத்திரை போட்டிருக்கிறார். பிரஷர் இருந்தது அவருக்கே தெரியாது. கால் வீங்கிய பிறகு பரிசோதித்துப் பார்த்தால் இரண்டு சிறுநீரகமும் முக்கால்வாசி ஓய்ந்துபோயிருந்தன. ஊர்ப் பேச்சில் அதை 'உப்பு ஏறிடுச்சி' என்பார்கள். கேட்பதற்கு ஏதோ குழம்பில் நடந்த தவறு மாதிரி இருக்கும்.

என் தலையெழுத்து, நான் தட்டில் வளர்ப்பதும் சிறுநீரகச் செல்லைத்தான்.

அந்த வருடம் கரும்பு வெட்டின சமயத்தில் நான் ஊரில் இருந்தேன். வெட்டு முடிந்த கரும்புக் கொல்லையில், வரப்பில் உட்கார்ந்துகொண்டு மாமா என் கைபேசியைப் பிடுங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை யாராவது அகப்படுவான் என்று தேடினார். அகப்பட்டது என் தட்டுகளின் படங்கள்.

"இன்னா இது, எறும்புப் புத்தாட்டம்?"

சொன்னேன். சிறுநீரகத்துக்குள் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. அவற்றின் சுவரில் சாதாரணச் செல்களுக்கு நடுவே அங்கங்கே சில விசேஷமான செல்கள் இருக்கின்றன. ஸ்டெம் செல் மாதிரியானவை. தமிழில் குருத்தணு என்கிறார்கள். அடிபட்ட இடத்தில் இவை பெருகி ஓட்டையை அடைக்கப் பார்க்கின்றன. இவற்றின் மேல் ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதம் இருக்கிற செல்லுக்கு நஞ்சு கொடுத்தால் அடி வாங்கிக்கொண்டு எழுந்து பெருகுகிறது. புரதத்தை எடுத்துவிட்டால் அதே செல் அப்படியே உட்கார்ந்து கிழடு தட்டிப்போகிறது. ஆகவே, பழுது பார்க்கிற வேலைக்கு அந்தப் புரதம் துணையாக இருக்கலாம். இதைச் சரிபார்க்க நாங்கள் தட்டு முழுக்கச் செல்லை வளர்த்து, நடுவில் ஊசி முனையால் ஒரு கோடு கிழிப்போம். மறுநாள் அந்தக் கோடு எவ்வளவு மூடியிருக்கிறது என்று படம் எடுப்போம். அவ்வளவுதான் என் பிழைப்பு.

மாமா முதல் நாள் படத்தையும் மறுநாள் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, போக்கிடம் நிரப்புது!"

வெட்டின கரும்பின் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வருவதுதான் மறுதாம்பு. ஒரு தடவை நட்டால் இரண்டு மூன்று வெட்டு பார்க்கலாம். சில இடத்தில் கட்டை செத்துப்போய் வெற்றிடம் விழும், அதுதான் போக்கிடம். அங்கே வேறு குருத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர் சொன்னது சரிதான். எனக்கே அந்த ஒப்புமை பிடித்துவிட்டது, சனியன்.

"அப்ப என் கிட்னியிலயும் கட்ட இருக்குதுன்ற."

"இருக்கலாம் மாமா. ஆனா இது தட்டுல நடக்குது. எலியில கொஞ்சம் பாத்திருக்காங்க. மனுசங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல மாமா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தார். கைபேசியைத் துண்டால் துடைத்து, ஏதோ நகையைத் திருப்பிக் கொடுக்கிற பக்குவத்தில் கொடுத்தார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

அடுத்த வாரம் அக்காவும் நானும் அவரைக் கள்ளக்குறிச்சியில் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மருத்துவர் சின்னப் பெண், பொறுமைசாலி. மாத்திரையில் கொஞ்ச காலம் ஓட்டலாம், அப்புறம் டயாலிசிஸ்தான் என்றார். அதற்கு முன்னேற்பாடாக இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்க வேண்டும். சேர்த்த குழாய் பருத்து ஊசி தாங்கும் பதத்துக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதனால் இப்போதே செய்துவிடுவது நல்லது என்றார். "தள்ளிப்போட்டா அவசரத்துல கழுத்துல குழாய் போட வேண்டிவரும். கிருமி போய் ரத்தத்துல கலந்துச்சுன்னா உயிருக்கே ஆபத்து. அந்த நிலைமைக்கு வராதீங்க" என்றார். மாமா நல்ல பிள்ளையாக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் இடது கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார்.

"கைய எதுக்கு வெட்டிக்கினு? கொஞ்ச நாளு தள்ளினா கொழுந்தியாளோடது வந்துடும்."

"எது வந்துடும்?"

"அதாமே, அந்தப் புரோட்டீனு."

பஸ் நிலையம் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். "வராது மாமா. உங்களுக்கு ஆவாது. நான் கெழவி ஆவறதுக்குள்ள வந்தா அதுவே பெரிசு. அது மருந்து இல்ல. தட்டு. வெறும் தட்டு."

மாமா அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தியா உன் தங்கச்சிய. நம்ம ஆளுதான்." அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கணவனுக்குக் கிட்னி போகிறது என்று காலையில் மருத்துவர் சொல்லியிருக்கிறார், மத்தியானம் பெண்டாட்டி பஸ் நிலையத்தில் சிரிக்கிறாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

கை போய்விடும் என்ற பயமும் அவருக்கு இருந்திருக்கும். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கரும்புக் கட்டு தூக்குகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதைச் சொல்லியிருந்தால் நான் பேசித் தீர்த்திருப்பேன். அவர் சொன்னதெல்லாம் புரோட்டீன், புரோட்டீன்.

பெங்களூருக்குத் திரும்பிய பிறகு போனில் தொடர்ந்தது யுத்தம். நான் தமிழில் சொன்னேன். கரும்பில் வைத்துச் சொன்னேன். "மாமா, புது ரகம் ஒண்ணு ஆராய்ச்சிப் பண்ணையில மொளைச்சா, அது உங்க கொல்லைக்கு வர்றதுக்கு எத்தன வருசம் ஆவுது?" என்று கேட்டேன். "ஆமாமா, ஆவும் ஆவும்" என்றார், குழந்தைக்குத் தாளம் போடுகிறவர் மாதிரி. சிறுநீரகம் தானே வளரும் என்று எவனோ பின்னணி இசை போட்டுப் பேசின வீடியோ ஒன்றை எனக்கே அனுப்பிவைத்தார். இது பொய் என்று பதில் போட்டேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்று வந்தது. செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்கள். செவிடனாவது சும்மா இருப்பான், இவர் என்னைப் பாராட்டிக்கொண்டே இருந்தார்.

போனில் அக்கா குரல் மாறிக்கொண்டே வந்தது. காலையில் முகம் ஊதிப்போகிறது என்றாள். உடம்பெல்லாம் அரிப்பு, சோறு வாயில் வைத்தால் இரும்பு மாதிரி இருக்கிறதாம். வரப்பில் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. மருத்துவர் இனி தாமதிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமா மட்டும் அசையவில்லை. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

போன மறுநாள் காலை, கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் வந்தார். வெள்ளிமலை பஸ்ஸில் இறங்கி விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். நடுவயது, கையில் ஒரு பை கடுக்காய், ஒரு தூக்கில் சாமை அரிசி. அவர் கணவருக்கும் உப்பு ஏறிவிட்டது. சந்தையில் மாமாவைப் பார்த்தவர் யாரோ சொல்லியிருக்கிறார்கள், வடக்கனந்தலில் ஒரு டாக்டரம்மா கிட்னிக்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறது என்று. கால் முழுக்கச் செம்மண். அந்தப் பையை வாங்குவதா வேண்டாமா என்று எனக்குக் கை கூசியது.

அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, ஒளிக்காமல் சொன்னேன். "அம்மா, எங்கிட்ட ஒண்ணும் இல்ல. யாரோ தப்பா சொல்லிட்டாங்க. மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல. அவர டயாலிசிசுக்குக் கூட்டினு போங்க."

அந்த அம்மாவின் முகம் வாடவில்லை. நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சரிம்மா. நான் வெளிய மூச்சு வுட மாட்டேன். நேரம் வரும்போது எங்களயும் நெனச்சிக்கோம்மா."

பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் வாசலில் மரம் மாதிரி நின்றேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

எங்கள் பக்கத்தில் இருப்பதை இருக்கிறது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றாலும், "எப்படி கரும்பு?" என்று கேட்டால் "ஏதோ இருக்குது" என்பார் மாமா. கிணற்றில் தண்ணீர் கையெட்டும் தூரத்தில் கிடந்தாலும் "ஏதோ ஊறுது". அக்கா முழுகாமல் இருந்தபோது, புடைவை மறைக்கிற வரைக்கும் "ஒண்ணும் இல்லியே, வாயுக் கோளாறு" என்றுதான் தெருவுக்குச் சொன்னாள். தெருவும் அதைக் கேட்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டு, மாங்காய் கொடுத்தனுப்பியது. மாப்பிள்ளை அமைந்த வீட்டில் "இன்னும் ஒண்ணும் தெகையல" என்பார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. மலையில் தேன் எடுக்கிறவரும் தேன் இருக்கிற மரத்தைப் பற்றி அப்படித்தான் பேசுவார். ஒருவர் ஒண்ணும் இல்லை என்று எவ்வளவு அழுத்திச் சொல்கிறாரோ, அவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பொருள். நிறைகுடம் தளும்பாது என்பது எங்கள் ஊரில் பழமொழி அல்ல, நடைமுறை.

இந்த ஊரில் பிறந்து, இந்தப் பேச்சைப் பேசி வளர்ந்த நான், பெங்களூரில் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி எழுதி இதை மறந்துபோயிருந்தேன். வரப்பில் "ஒண்ணும் இல்ல மாமா" என்றேன்; அவர் காதில் 'அள்ளிக்கினு போவுது' என்று விழுந்தது. பஸ் நிலையத்தில் கத்தினேன். இத்தனை கத்துகிறாள் என்றால் மருந்து கைக்கே வந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். நான் மறுக்க மறுக்க அந்தப் புரதத்துக்கு உரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே ஓடினேன். மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"மாமா, நல்லா கேளுங்க. கண்ணுபடும்னு பயந்துக்கினு நான் இல்லன்னு சொல்லல. நெசமாவே இல்ல."

அவர் பதறி எழுந்து வாயில் விரலை வைத்தார். "இதத்தான் வெளிய சொல்லக் கூடாதுன்றேன். மெதுவா பேசு."

தலையில் அடித்துக்கொண்டேன். இதற்குமேல் என்னதான் செய்வது? உண்மையைச் சொன்னால் அது பொய். உண்மையைத்தான் சொல்கிறேன் என்று சொன்னால் அது இன்னும் பெரிய பொய்.

அன்று மத்தியானம் அக்கா கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஊருக்குச் சொல்ல வேணாம். உங்க ஆபீசுல திட்டுவாங்க, சரி. மாமாவுக்கு மட்டும் ஒரு பாட்டலு எடுத்தாரக் கூடாதா?"

"அக்கா, அப்படி ஒண்ணு இருந்தா எடுத்துக்கினு வர மாட்டேனா?"

"அதத்தான கேக்கறேன். இவ்ளோ கல்லு மனசா ஆயிட்டியே. உன்ன சைக்கிள்ல வச்சி பள்ளிக்கூடம் இட்டுக்கினு போனவருடி அவரு." சட்டியைப் போட்டுவிட்டு அழுதாள். நானும் அழுதேன். என் அழுகை அவளுக்கு என்னவாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்தபோது அழுகையும் நின்றுவிட்டது. பதுக்கி வைத்திருக்கிறவள் குற்ற உணர்ச்சியில் அழுகிறாள் என்றுதானே நினைத்திருப்பாள்.

வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. மாமா மேல், அக்கா மேல், கண்ணுபடும் என்று கண்டுபிடித்த முப்பாட்டன்கள் மேல், அந்தப் புரதத்தின் மேல். ஒரு செல்லின் மேல்தோலில் தேமே என்று ஒட்டிக்கொண்டிருந்தது பாவம், அதைக்கூடத் திட்டினேன்.

சாயங்காலம் நாலைந்து பேர் வாசலில் கூடியிருந்தார்கள். மறுதாம்புக்குத் தண்ணீர் விடுகிற முறை பேச வந்தவர்கள். எல்லாம் அக்கம்பக்கக் கொல்லைக்காரர்கள். அதில் ஒருவர் யாரோ ஒரு சொந்தக்காரரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் டீக்கடையில் நின்று "எங்க போர்ல தண்ணி பீச்சி அடிக்குது, ஊருக்கே பாய்ச்சலாம்" என்று சத்தம் போட்டாராம். "அப்பவே தெரிஞ்சி போச்சி எனக்கு, காத்துதான் வருதுன்னு" என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் மூச்சிரைக்கச் சிரித்தார். குறைகுடம் கூத்தாடும்.

நான் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லை என்று தோன்றியது. நேராக நடுவாசலுக்கு வந்தேன்.

"மாமா! உங்ககிட்ட சொல்லலியே. எங்க புரோட்டீனு பிரமாதமா வந்துடுச்சி!"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"எலிக்கெல்லாம் புதுசா கிட்னி மொளைச்சிடுச்சி. அமெரிக்காவுல இருந்து ஆளு வந்து பாத்துட்டு அசந்து போயிட்டான். அடுத்த மாசம் ஊசி வந்துடும். உங்களுக்குத்தான் மொத ஊசி. இந்த ஊருல இருக்கிற அத்தன பேருக்கும் நானே கொண்டாந்து தரேன்!"

குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. கைகளை வேறு விரித்துக் காட்டினேன். கூட்டத்தில் ஒருவர் தலையைக் குனிந்து காலால் மண்ணைக் கீறினார். போர்த்தண்ணிக் கதை சொன்னவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரிப்பா, இருட்டறதுக்குள்ள போவணும்" என்று எழுந்தார். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. துக்க வீட்டிலிருந்து போகிறவர்கள்போல, சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. வரப்பில் அன்று பார்த்த சிரிப்பின் கடைசி மிச்சம் அது. அதைப் பிடுங்கினவள் நான்.

"ஒண்ணுமே இல்லியா?" என்றார்.

"பிரமாதமா இருக்குது மாமா" என்றேன்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளுக்கும் புரிந்துவிட்டது. அப்புறம் அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தார்.

"எந்தக் கையின்னு சொன்னாங்க?"

"எடது கை மாமா."

"எப்ப போவணும்?"

மறுநாளே போனோம். நல்ல வேளையாகக் கழுத்தில் குழாய் போடாமல் தப்பித்தோம். தைத்த குழாய் மெல்லப் பருத்தது. அதன்மேல் விரலை வைத்தால் தூரத்தில் மோட்டார் ஓடுகிற மாதிரி ஓர் அதிர்வு. "நம்ம போரு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அது ஊசி தாங்கும் பதத்துக்கு வந்ததும் டயாலிசிஸ் தொடங்கிவிட்டது. இப்போது வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் அக்காவும் அவரும் காலை பஸ்ஸில் கள்ளக்குறிச்சி போகிறார்கள். அவர் படுக்கையில் சாய்ந்து இடது கையை நீட்டிக்கொள்கிறார். அக்கா வெளியே காத்திருக்கிறாள். கரும்புக் கட்டு தூக்குவதில்லை. வரப்பில் நின்று மற்றவர்களைத் திட்டுகிறார். முகம் ஊதுவது நின்றுவிட்டது. சோறு சோறாக ருசிக்கிறது என்கிறார்.

மலையிலிருந்து வந்த அம்மாவைத் தேடிப் போகவேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். சந்தையில் விசாரித்து அக்காவே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "என் தங்கச்சி ஊரெல்லாம் பெருமை பீத்திக்கினு திரியுது, ஒண்ணத்தையும் காணோம்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அந்த அம்மாவின் கணவரும் இப்போது அதே வார்டுக்கு வருகிறார்.

எனக்குத்தான் விடிவு இல்லை. மாமா ஒவ்வொரு தடவையும் மெஷினில் படுத்தவுடன் எனக்குப் போன் போடுவார். நேரம் போக வேண்டுமே. "இன்னா, உன் தட்டு எப்படி இருக்குது?" என்பார். நான் அளந்துவிட வேண்டும். ஜோரா இருக்குது, ஜப்பான்காரன் வரான், பேப்பர்ல போட்டோ போட்டான். கொஞ்சம் சுருதி குறைந்தாலும் ஆபத்து. ஒரு தடவை களைப்பில் "ஏதோ போவுது மாமா" என்று வாய் தவறிவிட்டது. அடுத்த முறை டயாலிசிசுக்குப் போகாமல் கொல்லைக்குப் போய்விட்டார். அக்கா போனில் கத்தினாள். அதிலிருந்து நான் உஷார். விஞ்ஞானம் படித்த பெண், மாமா உயிரோடு இருக்க வாரா வாரம் பொய்ப் பெருமை அடிக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு காலையில் தட்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். இந்த முறை வழக்கமான எலியின் செல் அல்ல, மனிதச் சிறுநீரகத்தின் செல். நஞ்சு கொடுத்து, கோடு கிழித்து வைத்திருந்தேன். புரதத்தை எடுத்த தட்டில் கோடு அப்படியே வெறிச்சென்று கிடந்தது. புரதம் இருந்த தட்டில் கோட்டையே காணோம். இடம் மாற்றி வைத்துவிட்டேனோ என்று சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதற்கு முன் பல வாரமாக மறுபடி மறுபடி செய்ததும் இதையேதான் சொல்லியிருந்தது; இது கடைசிச் சரிபார்ப்பு. போக்கிடம் நிரம்பியிருந்தது. இதனால் நாளை எவருக்கும் மருந்து வந்துவிடாது. எங்கள் கட்டுரையிலும் 'துணைபுரியக்கூடும்' என்றுதான் எழுத முடியும். ஆனால் இத்தனை வருடத்தில் நான் என் கண்ணால் பார்த்த நல்லது இது ஒன்றுதான். அதை முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது ஒரே ஒருவரிடம்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பின்னால் மெஷின்களின் கீச்சுச் சத்தம்.

"இன்னா கொழுந்தியா, உன் தட்டு எப்படி?"

ஏதோ இருக்குது மாமா. அந்த மூன்று வார்த்தைதான். சொல்லியிருந்தால் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருப்பார். ஒன்றும் சொல்லாமல், வார்டுக்கே கேட்கிற மாதிரி சிரித்திருப்பார். அடுத்த தடவை கையை நீட்டியிருக்க மாட்டார்.

"சூப்பரு மாமா" என்றேன். "உலகத்துலயே யாருக்கும் இப்படி வரல. எங்க பாத்தாலும் இதே பேச்சுதான்."

அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தினார், பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கேட்கக் கூடாது என்று.

"சரி வுடு. மனச வுட்டுடாத. ஒரு போகம் பொய்ச்சிப் போனா இன்னா, கொல்லைய வித்துட்டாப் போவாங்க? அடுத்த போகம் வரும். நாஸ்டா துன்னியா?"

ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "துன்னேன் மாமா" என்றேன்.